புயல்ல மட்டும் போட் வானத்துக்கு எகிறுது: சப்மரைன் சிம்ல அலை பிசிக்ஸ் பிரச்சனை, யாராச்சும் பாருங்க

மஞ்சக்குப்பம்_சோனார்:
எல்லாருக்கும் வணக்கம். நம்ம குரூப்ல நெறைய பேரு ஆடற அதே ரெண்டாம் உலகப்போர் சப்மரைன் சிம் தான், கூட அந்த வெதர் மோடும் (கேம் வானிலைய மாத்துற கூடுதல் ஃபைல்) போட்டிருக்கேன். போட் டைப் 7சி (ஜெர்மன் சப்மரைன்), வட அட்லாண்டிக், குளிர்கால பேட்ரோல். காத்து நொடிக்கு 3, 4 மீட்டர் வேகத்துல இருக்குறவரைக்கும் எல்லாம் அழகா போகுது, தண்ணி மேல போட் அசையறதப் பாத்துட்டே இருக்கலாம். ஆனா காத்து 15க்கு ஏறிச்சுன்னா அவ்ளோ தான். மேல வந்த உடனே போட் ஒரு துள்ளு துள்ளி அணியம் (முன்பக்கம்) வானத்தப் பாத்து நிக்குது, அப்பறம் பொத்துன்னு விழுது, ஹல் (போட்டோட உடம்பு) டேமேஜ் பாதிக்கு மேல போயிடுது, சில நேரம் நேரா சாவு ஸ்கிரீன். டைம் கம்ப்ரெஷன் (கேம் நேரத்த எத்தன மடங்கு வேகமா ஓட்டுறதுன்னு) 32ல வச்சிருக்கும்போது தான் அதிகமா நடக்குது, ஆனா சேவ் லோடு பண்ணும்போது சாதாரண வேகத்துலயே ஒரு தடவ நடந்துச்சு. இன்னொன்னு, பேட்ரோல் ரொம்ப நாள் ஓடினப்பறம் அலையே விட்டு விட்டு நகருற மாதிரி இருக்கு, எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தன ஃப்ரேம், அதாவது படம்) நல்லாத்தான் காட்டுது. டிரைவர் மாத்தியாச்சு, கேம மறுபடி இன்ஸ்டால் பண்ணியாச்சு. எங்க கை வைக்கணும்னு சொல்லுங்க.

லாஸ்பேட்டை_கேப்டன்:
ப்ரோ எனக்கும் இதே தான் இருந்துச்சு. வெதர் மோட் ஃபோல்டர்ல அலை உயரத்துக்கு ஒரு பெருக்கல் எண் இருக்கும், அத 0.5 ஆக்குங்க, முடிஞ்சுது. போட் துள்ளாது, ஹல் உடையாது. என்னோடது பழைய லேப்டாப், எனக்கு இது போதும்.

சிங்காரத்தோப்பு_சுக்கான்:
கேப்டன் அண்ணே கோச்சுக்காதீங்க, இந்தத் தீர்வு எனக்குப் பிடிக்கல. அலைய பாதியாக்கிட்டா அது புயலே இல்லையே. காத்து 15 மீட்டர்னா போஃபோர்ட்ங்கிற காத்து வேக அளவுல 7, நடுக்கடல்ல சுமார் 4 மீட்டர் அலை எழும்பணும். எங்க வீட்டுல ஃபைபர் போட் ஓட்டுறாங்க, கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) முகத்துவாரத்துல வாடைக்காத்து காலத்துல உள்ள வர்ற நேரம் அலைய எப்படி எடுப்பாங்கன்னு சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன். அணியத்த அலைக்கு நேரா வச்சு ஏத்துவாங்க, பக்கவாட்டுல வாங்கினா கவுத்துடும். அந்த பயம் கேம்ல இருக்கணும். அது இருக்குறதுக்காகத்தானே நாம சிம் ஆடுறோம், இல்லன்னா சும்மா சுடுற கேம் ஆடிட்டுப் போகலாமே.

அதே நேரம் ஒன்னு கவனிங்க. அலை உயரம் மட்டும் பாத்தா பத்தாது, நீளம் பாக்கணும். உயரம் நீளத்துல ஏழுல ஒரு பங்கத் தாண்டிச்சுன்னா அலை நிக்காது, உடைஞ்சிடும். 100 மீட்டர் நீளத்துக்கு 4 மீட்டர் உயரம்னா அது ஏறி இறங்குற மேடு மாதிரி, 67 மீட்டர் நீள போட் அது மேல தாராளமா போகலாம். மோட்ல யாராச்சும் 50 மீட்டர் நீளத்துல 8 மீட்டர் உயரம்னு போட்டு வச்சிருந்தா அப்படி ஒரு அலை கடல்லயே கிடையாது, செங்குத்துச் சுவரு தான். ஃபைல்ல அந்த ரெண்டு எண்ணும் என்னன்னு பாத்து சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்_சோனார்:
பாத்தேன். 15 மீட்டர் காத்துக்கு பெரிய அலை நீளம் 100, உயரம் 4.2ன்னு இருக்கு. அதோட சின்ன அலைங்க தனியா நாலஞ்சு. அப்ப உயரம் நியாயமாத்தான் இருக்கு இல்லையா?

முத்தியால்பேட்டை_மோடர்:
உயரம் சரி தான். அப்ப கடல விட்டுடுங்க, கடல் மேல தப்பு இல்ல. கேம் நேரத்த எப்படி நறுக்குதுன்னு பாக்கணும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க, ஏன்னா நீங்க சொன்ன மூணும் மூணு தனித்தனி பிரச்சனை. ஒன்னாக் கொழப்பிக்கிட்டா எந்த செட்டிங்க மாத்தினாலும் தீந்த மாதிரி தெரியும், ஆனா தீராது.

மொதல்ல அந்த எகிறல். இந்த மாதிரி கேம் எல்லாம் பிசிக்ஸ நொடிக்கு இத்தன தடவன்னு கணக்கு போடும். நம்ம கேம்ல அது 50, கான்ஃபிக் (செட்டிங்) ஃபைல்லயே இருக்கு. அதாவது ஒரு துண்டு 0.02 நொடி. டைம் கம்ப்ரெஷன் 32ல வச்சா நியாயமா நொடிக்கு 1600 துண்டு போடணும், ஆனா சிபியு தாங்காதுன்னு துண்டு எண்ணிக்கைய அப்படியே வச்சுட்டு துண்டோட அளவப் பெருசாக்கிடுது, ஒரு துண்டு 0.64 நொடி ஆயிடுது. இப்ப தண்ணியோட இழுவை விசைய நெனச்சுப் பாருங்க. அது வேகத்தோட வர்க்கத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்குன்னா இழுவை நாலு மடங்கு.

கால்குலேட்டர் எடுங்க. புரியறதுக்காக இழுவை தர்ற வேகக்குறைப்பு, வேக வர்க்கத்துல பாதின்னு வைங்க, துண்டு 1 நொடின்னு வைங்க. போட் செங்குத்தா 2 மீட்டர் வேகத்துல போகுது: குறைய வேண்டியது 2, அப்ப வேகம் சுழி, நின்னுடுச்சு, பிரச்சனை இல்ல. 4 மீட்டர் வேகம்: குறைய வேண்டியது 8, அப்ப வேகம் மைனஸ் 4, அடுத்த துண்டுல பிளஸ் 4, இப்படியே ஆடிட்டே இருக்கும். 6 மீட்டர்: குறைய வேண்டியது 18, வேகம் மைனஸ் 12, அடுத்தது பிளஸ் 60, அதுக்கு அடுத்தது மைனஸ் 1740. அந்த நிமிஷம் தான் உங்க போட் வானத்துல நிக்குது. தடுக்க வேண்டிய இழுவையே தள்ளுற விசையா மாறிடுது. அமைதியான கடல்ல செங்குத்து வேகம் அந்த எல்லைக்கிட்டயே போகாது, அதனால வருஷக்கணக்கா ஆடினாலும் தெரியாது. புயல்ல தான் எல்லையத் தாண்டுது. அலைய பாதியாக்கினா சரியான மாதிரி தெரியறதும் இதனால தான். எல்லைக்கு இந்தப்பக்கம் இழுத்து வச்சிருக்கீங்க, ஓட்டை அங்கேயே தான் இருக்கு.

இதுக்கு சோதனை சுலபம். அதே புயல், அதே சேவ், 1லயும் 8லயும் 32லயும் ஓட்டிப் பாருங்க. 1ல ஒழுங்கா இருந்து 32ல மட்டும் எகிறிச்சுன்னா நான் சொன்னது தான்.

லாஸ்பேட்டை_கேப்டன்:
மோடர் சொல்றது புரியுது. ஆனா என் லேப்டாப்ல நொடிக்கு 1600 துண்டெல்லாம் ஓடாது, 400 வச்சாலே ஃபேன் கத்துது, எஃப்பிஎஸ் 12க்கு வந்துடுது. இருக்குற மெஷின்ல ஆடணும்னா என்ன பண்றது? எல்லாருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வசதி இல்ல.

முத்தியால்பேட்டை_மோடர்:
நியாயமான கேள்வி. துண்ட சின்னதாக்குறது ஒரு வழி தான், அதவிட நல்ல வழி இருக்கு. இழுவைய நேராக் கழிக்காம, இப்ப இருக்குற வேகத்த, 1 கூட்டல் குணகம் பெருக்கல் வேகம் பெருக்கல் துண்டு அளவு, இதால வகுக்கணும். மேல சொன்ன அதே 6 மீட்டர், குணகம் பாதி, துண்டு 1 நொடி: 6 வகுத்தல் 4, விடை 1.5. எவ்ளோ பெரிய துண்டா இருந்தாலும் விடை எதிர்ப்பக்கம் போகவே போகாது. ஒரு வகுத்தல் தான் கூடுது, சிபியுக்கு அது ஒன்னுமே இல்ல. இழுவைக் கணக்கு ஸ்கிரிப்ட் ஃபைல்ல தான் இருக்கு, நான் மாத்தி ஞாயித்துக்கிழமைக்குள்ள போடுறேன்.

அதுவரைக்கும் புயல்ல கம்ப்ரெஷன் 8க்கு மேல போகாதீங்க. நுரை, துளி எல்லாத்தையும் குறைங்க, அது கண்ணுக்கு மட்டும் தான். அலை உயரத்துல மட்டும் கை வைக்காதீங்க.

மஞ்சக்குப்பம்_சோனார்:
டெஸ்ட் பண்ணிட்டேன். 1ல அருமை, 8லயும் பரவால்ல, கொஞ்சம் வெட்டி வெட்டி ஏறுது. 32ல எகிறல். சொன்ன மாதிரியே.

ஆனா வேற ஒன்னு பாத்தேன். 256ல போயிட்டிருக்கும்போது புயல்லயும் போட் ஆடாம அசையாம போகுது, டேமேஜே இல்ல. கப்பல் தெரிஞ்சு தானா 1க்கு வந்த உடனே டமார்னு ஒரு அடி, முன் டார்ப்பிடோ ரூம்ல தண்ணி. எதிரி சுடவே இல்ல.

முத்தியால்பேட்டை_மோடர்:
அது அந்த எகிறலோட தம்பி. 8 நொடி அலைய 256ல பாத்தா ஒரு துண்டு 5 நொடிக்கு மேல, ஒரு முழு அலைக்கு ரெண்டு புள்ளி கூட கிடைக்காது, கணக்கே அர்த்தமில்லாமப் போயிடும். அதனால கேம் ஒரு அளவுக்கு மேல அலையவே போட்டோட கணக்குலேர்ந்து எடுத்துட்டு சமதளத் தண்ணின்னு வச்சுக்குது. அந்த முடிவு சரியானது தான். திரும்ப 1க்கு வரும்போது அலைய ஒரே ஃப்ரேம்ல மறுபடி போடுறது தான் தப்பு. அந்த எடத்துல பள்ளம் இருந்தா போட் அந்தரத்துல நிக்கும், விழும். மேடு இருந்தா தண்ணிக்குள்ள பொதைஞ்சிருக்கும், மிதப்பு விசை தூக்கி எறியும்.

சேவ் லோடுலயும் இதே கதை. சேவ் ஃபைல்ல போட்டோட எடம் இருக்கு, செங்குத்து வேகமோ அலை எந்தக் கட்டத்துல இருந்துச்சுன்னோ இல்ல. லோடு ஆகும்போது அலை வேற கட்டத்துலேர்ந்து ஆரம்பிக்குது. கைவைத்தியம் என்னன்னா புயல்ல மேல இருக்கும்போது சேவ் பண்ணாதீங்க, 50 மீட்டர் கீழ போயி சேவ் பண்ணுங்க. கம்ப்ரெஷனும் அப்படித்தான், 256லேர்ந்து நேரா 1க்கு வராம முடிஞ்சா கீழ போயிட்டு வாங்க.

வீராம்பட்டினம்_இன்ஜின்ரூம்:
தம்பிங்களா, நான் கேம் ஆள் இல்ல, பையன் ஆடறதப் பாத்து இந்தப் பக்கம் வந்தேன். சரக்குக் கப்பல் இன்ஜின் ரூம்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். 50 மீட்டர்னு ஏன் சொல்றாருன்னு கொஞ்சம் விளக்கிடறேன். அலையோட ஆட்டம் கீழ போகப் போக வேகமா செத்துப்போகும். 100 மீட்டர் நீள அலைன்னா 10 மீட்டர் ஆழத்துல மேல இருக்குற ஆட்டத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கும். 25 மீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு. 50 மீட்டர்ல, அதாவது அலை நீளத்துல பாதியில, நூத்துக்கு நாலு பங்கு தான். அலை நீளம் 200ன்னா இன்னும் கீழ போகணும், அதே 50 மீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு ஆட்டம் இருக்கும்.

இதையே வச்சு உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்றேன். பெரிஸ்கோப் ஆழத்துல (பெரிஸ்கோப் மட்டும் வெளிய நீட்டுற ஆழம்) போட் ஆடுதுன்னு சொல்லி அதையும் பக்னு, அதாவது கேம் கோளாறுன்னு நெனச்சு சரி பண்ணிடாதீங்க. அந்த ஆழத்துல ஆடத்தான் வேணும். அதுவும் இல்லாம மேலாப்புல போற சப்மரைன அலைங்க மேல் பக்கமா இழுக்குற ஒரு விசையும் உண்டு, நிஜக் கப்பல்ல அதுக்காகக் கூடுதலா தண்ணி ஏத்தி எடைய கூட்டிக்குவாங்க, இல்லன்னா முதுகு வெளிய தெரிஞ்சிடும். உங்க கேம்ல அது இருக்கான்னு எனக்குப் பாக்கணும்னு ஆசை.

சிங்காரத்தோப்பு_சுக்கான்:
ஐயா சொன்னது தான் முக்கியம், எது கோளாறு எது கடல்னு பிரிக்கணும். நான் ஆடினப்ப பாத்த சில விஷயம் சொல்றேன். புயல்ல டெக் கன் (மேல்தளப் பீரங்கி) பக்கம் ஆள் போக மாட்டேங்குறான்னு பல பேரு பக் ரிப்போர்ட் போட்டாங்க, அது பக் இல்ல. 1941 அக்டோபர்ல யூ-106ங்கிற ஜெர்மன் சப்மரைன்ல பிரிட்ஜ்ல (கோபுரத்து மேல் தளத்துல) காவல் நின்ன நாலு பேரையும் அலை அடிச்சிட்டுப் போச்சு, உடம்புல பெல்ட் மாட்டிக்கிட்டு நிக்கிற வேலைலயே அந்த நெலமைன்னா டெக்ல போயி குண்டு அடைக்கிறது எப்படி? அதே மாதிரி புயல் ஒரே எடத்துல நகராம நிக்குதுன்னும் சொல்றாங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம புதுச்சேரி கிட்ட கரையேறிட்டு நகராம மணிக்கணக்கா நின்னு கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நிக்கிறது நடக்கக்கூடியது தான். வாரக்கணக்கா 15லயே நின்னா தான் சந்தேகப்படணும்.

ஆனா ஒன்னு நிச்சயமா கோளாறு. மோட்ல காத்து மாறின அடுத்த நொடியே அலையும் மாறுது. கடல் அப்படி மாறாது. காத்து ரொம்ப தூரம், ரொம்ப நேரம் அடிச்சா தான் அலை வளரும். காத்து விழுந்தப்பறமும் அலை அடங்க ரொம்ப நேரம் எடுக்கும், தூரத்துல எங்கயோ அடிச்ச காத்தோட அலை இங்க வெயில் அடிக்கும்போது வந்து சேரும். காலையில காத்தே இல்ல, கெளம்பலாம்னு பாத்தா கடல் தூக்கிட்டு இருக்கும், எங்க ஆளுங்க வலைய மறுபடி இறக்கி வச்சிடுவாங்க. 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சு ஓஞ்சப்பறம் கடல் ஒடனேவா படுத்துச்சு? கேம்ல இத கொண்டு வந்தா ரெண்டு நல்லது. கடல் கடலா இருக்கும், போட்டும் தூக்கி எறியப்படாது.

முத்தியால்பேட்டை_மோடர்:
சுக்கான் சொன்னது நான் யோசிக்காத கோணம், ரொம்ப நன்றிப்பா. காத்து மாறும்போது அலை அட்டவணைய ஒரே ஃப்ரேம்ல மாத்துறது தான் நடக்குது, இப்ப கோட்ல பாத்தேன். அத மெதுவா கலக்குற மாதிரி மாத்திடறேன். வளர்றது வேகமா, அடங்கறது அதவிட மெதுவா. பெரிய நீள அலைங்க கடைசியா அடங்கட்டும்.

இப்ப சோனார் கேட்ட மூணாவது, பேட்ரோல் நீண்டப்பறம் அலை விட்டு விட்டு நகருறது. இது புயலுக்கும் உண்டு அமைதிக்கும் உண்டு, புயல்ல கண்ணுக்குத் தெரியுது அவ்ளோ தான். கேம் கடிகாரத்த நொடிக்கணக்குல 32 பிட் தசம எண்ணா வச்சிருக்கு. அந்த எண் பெருசாகப் பெருசாக நுணுக்கம் குறையும். கேம்ல 10 நாள் ஆச்சுன்னா 8,64,000 நொடி, அந்த அளவுல அடுத்தடுத்த எண்ணுக்கு நடுவுல இருக்குற இடைவெளியே பதினாறுல ஒரு நொடி. 8 நொடி அலை நொடிக்கு பன்னெண்டரை மீட்டர் ஓடுது, அப்ப ஒவ்வொரு தாவலுக்கும் முக்கால் மீட்டருக்கு மேல. எஃப்பிஎஸ் 60 காட்டும், ஆனா நாலு ஃப்ரேமுக்கு ஒரு தடவ தான் அலை நகரும். போட்டோட எடத்துக்கும் இதே நோய். துறைமுகத்துலேர்ந்து 1000 கிலோமீட்டர் தள்ளி வந்துட்டா எடத்தோட நுணுக்கம் 6 சென்டிமீட்டருக்கு வந்துடும், 2000 கிலோமீட்டர்ல பன்னெண்டரை. பைனாகுலர் நடுங்குற மாதிரி தெரியறது அது.

கடிகாரத்துக்கு வழி: அலைக்குன்னு தனிக் கடிகாரம் வச்சு, எல்லா அலையும் சேந்து ஒரு சுத்து முடியற எடத்துல சுழிக்குத் திருப்பிடலாம். எடத்துக்கு, போட்ட நடுவுல வச்சு உலகத்த நகத்தணும், அது இந்த கேம்ல நம்மால முடியாது. இன்ஜினுக்குள்ள இருக்கு.

லாஸ்பேட்டை_கேப்டன்:
இன்னொரு விஷயம், யாரும் சொல்லல. சில நேரம் போட் அலையோட சேந்து போகாம அலைக்குள்ள முழுகிப் போகுது, கானிங் டவர் (போட் மேல இருக்குற கோபுரம்) வழியா அலை ஊடுருவுது, ஆனா போட்டுக்கு ஒன்னும் ஆகல. கண்ணுக்குத் தெரியற கடலும் போட்டுக்குத் தெரியற கடலும் வேற வேறயா?

முத்தியால்பேட்டை_மோடர்:
சரியாப் புடிச்சீங்க. வேற வேற தான். கண்ணுக்குக் காட்டறது கிராஃபிக்ஸ் கார்டு போடற நூத்துக்கணக்கான அலைங்களோட கூட்டல், பிசிக்ஸுக்கு சிபியுல அதுல பெரிய நாலஞ்சு மட்டும். அது கூட பரவால்ல, சின்ன அலை 700 டன்னுக்கு மேல இருக்குற போட்ட அசைக்காது. பெரிய வித்தியாசம் வேற எடத்துல இருக்கு. முகடு கூரா தெரியணும்னு கிராஃபிக்ஸ்ல தண்ணிப் புள்ளிய மேல கீழ மட்டும் இல்லாம பக்கவாட்டுலயும் நகத்துவாங்க. போட் கேக்கறது இந்த எடத்துல தண்ணி எவ்ளோ உயரம்னு. ஆனா அந்த எடத்துல இப்ப நிக்கிற தண்ணி, பக்கத்துலேர்ந்து நகந்து வந்த புள்ளி. அத கண்டுபிடிக்காம நேரா உயரத்தக் கேட்டா தப்பான பதில் வரும், புயல்ல அது மீட்டர் கணக்குல தப்பும். நகந்த அளவ கழிச்சுட்டு மறுபடி கேக்கணும், மூணு நாலு தடவ அப்படிக் கேட்டா போதும், கிட்டத்தட்ட சரியான எடத்துக்கு வந்துடும். இதையும் சேத்துடறேன். உங்க லேப்டாப்புக்கு அந்த எண்ணிக்கைய ரெண்டா குறைச்சுக்கிற மாதிரி கான்ஃபிக்ல வைக்கிறேன்.

வீராம்பட்டினம்_இன்ஜின்ரூம்:
தம்பி, சேக்கும்போது பேட்டரி கணக்கையும் ஒரு கண் பாருங்க. எல்லாரும் புயல்ல கீழ போயி ஒக்காந்துக்குவோம்னு சொல்றீங்க. 7சி போட் தண்ணிக்கடியில 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துல 80 கடல் மைல் தான் போகும், 20 மணி நேரத்துல பேட்டரி காலி. அப்பறம் அதே புயல்ல மேல வந்து டீசல் ஓட்டித்தான் ஆகணும். அந்த நிர்ப்பந்தம் தான் அந்தக் காலத்து ஆளுங்களக் கொன்னுது. கேம் அத ஒழுங்கா காட்டினா நான் பையன் கூட ஒக்காந்து பாப்பேன்.

மஞ்சக்குப்பம்_சோனார்:
மோடர் அண்ணன் போட்ட ஃபைல இறக்கி ஓட்டிட்டேன். அலை உயரம் முழுசா 4.2, காத்து 15, கம்ப்ரெஷன் 32. எகிறல் இல்ல. போட் அலை முகட்டுல ஏறி, மூக்கு தண்ணிக்குள்ள குத்தி, மெதுவா எழுந்து வருது, பாக்கவே மெய் சிலிர்க்குது. 256லேர்ந்து 1க்கு வரும்போது அடி இல்ல, சின்ன குலுக்கல் மட்டும். காத்து விழுந்தப்பறமும் கடல் ராத்திரி முழுக்கத் தூக்கிட்டே இருந்துச்சு, சுக்கான் சொன்ன மாதிரியே. பக்கவாட்டுல அலை வாங்கினா போட் பயங்கரமா சாயுது, காவல் ஆளு ஒருத்தர் காயம், அது நியாயம்னு தோணுது.

பெரிஸ்கோப் ஆழத்துல ஐயா சொன்ன மேல் இழுவை இல்ல. 13 மீட்டர்ல ஆடுது, ஆனா மேல இழுக்கல. அப்பறம் 1944 பேட்ரோல்ல ஸ்னார்க்கல் (தண்ணிக்குள்ள இருந்துட்டே டீசலுக்குக் காத்து எடுக்குற குழாய்) போட்டு புயல்ல ஓட்டினேன், அலை குழாய் தலைய மூடினதும் டீசல் உள்ள இருக்குற காத்த இழுக்குது, ஆளுங்க உடல்நிலை கடகடன்னு எறங்குது. இது பக் தானா, இல்ல நிஜமா?

வீராம்பட்டினம்_இன்ஜின்ரூம்:
நிஜம் தான் தம்பி. தலையில இருக்குற வால்வு மூடிக்கும், டீசல் நிக்காம உள்காத்த உறிஞ்சும், உள்ள அழுத்தம் எறங்கும், காது பிஞ்சு போற மாதிரி வலிக்கும். ஆனா உடனே சாவுறது இல்ல. எறங்குற வேகம் எவ்ளோன்னு எண்ணு இருந்தா போடுங்க.

முத்தியால்பேட்டை_மோடர்:
வால்வு மூடினா டீசல தானா நிறுத்துற நேரம் கான்ஃபிக்ல காலியா இருக்கு, அதனால நிக்காம உறிஞ்சுது. அதுக்கு ஒரு மதிப்பு போட்டு, மேல் இழுவையயும் சேத்து அடுத்த ஃபைல் போடுறேன். இழுவை அலை உயரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடணும், ஆழத்தோட குறையணும், அந்த அளவுல வச்சுப் பாக்கலாம். சோனார், உங்க 1944 சேவ எனக்கு அனுப்புங்க, 50 மீட்டருக்குக் கீழ போயி எடுத்ததா பாத்து. கேப்டன், உங்க லேப்டாப்ல அந்த அலை உயரத்த மறுபடி கேக்கற எண்ணிக்கைய ரெண்டு சுத்துன்னு வச்சு ஓட்டிட்டு எஃப்பிஎஸ் எவ்ளோன்னு சொல்லுங்க, அத வச்சு தான் டீஃபால்ட் முடிவு பண்ணணும்.

லாஸ்பேட்டை_கேப்டன்:
ஓட்டிட்டேன். முழு அலை, ரெண்டு சுத்து, நுரை கம்மி, கம்ப்ரெஷன் 8: 31 எஃப்பிஎஸ். ஆடலாம். அலை உயரத்துக்குப் போட்ட 0.5ஐ நீக்கிட்டேன்.